மாமன் மடியில் எடுத்த படம்

தீர்த்தகிரியிடம் யாராவது "முடியாது" என்று சொல்லிவிட்டால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி பிறக்கும். பேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கமிஷன் கடை வைத்திருப்பவர். பெங்களூர்க்காரன் "ஆகல்ல" என்று தலையை ஆட்டுவான். ஆந்திராக்காரன் "குதரது" என்று முகத்தைத் திருப்புவான். நம்மூர்க்காரன் ஒன்றும் சொல்லாமல் பைக்கை உதைப்பான். மூன்று பேரையும் தோளில் கை போட்டு டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், டீ ஆறுவதற்குள் விலையை முடித்துவிடுவார்.

"நெசமாவே முடியாதவன் நம்மகிட்ட நின்னு முடியாதுன்னு சொல்லிட்டு இருப்பானா? அவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான்" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். அது பொய்த்துப்போய் அவர் பார்த்ததில்லை.

அதனால்தான் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மகள் அருணா போனில் அழுதபோதுகூட அவர் அசரவில்லை.

"அப்பா, விசா ரிஜெக்ட் ஆயிடுச்சுப்பா."

"மொதல்ல அப்படித்தான்மா சொல்லுவாங்க. அழாத. ஓசூர் போய்ப் பேசிக்கலாம்."

அருணாவின் புருஷன் ஹரீஷ்குமார் இங்கிலாந்தில் நர்ஸ். லீட்ஸ் என்கிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, நிரந்தர வேலை. போன வைகாசியில் உத்தனப்பள்ளி மண்டபத்தில் கல்யாணம். லீவு முடிந்து அவன் கிளம்பியதும், பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். எப்படியும் போகப்போகிறோம் என்று அருணா சிப்காட் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த குவாலிட்டி வேலையை விட்டுவிட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து ஒரு கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தார்கள். சூட்கேஸைத் தக்காளிப் பெட்டி எடை போடும் மேடையில் ஏற்றி இறக்கி, விமானத்துக்காரன் சொன்ன எடைக்குச் சரியாக அடுக்கி, ஹாலில் நிறுத்தி வைத்தாயிற்று. அது நின்ற இடத்தைச் சுற்றித்தான் அருணாவின் அம்மா செல்வம்மாள் தினமும் வீடு கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஹரீஷ்குமார் வெளியாள் இல்லை. செல்வம்மாளின் சொந்தத் தம்பி. நாகரசம்பட்டியில் அவர்கள் அம்மாவுக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தவன். அக்கா மகளைத் தம்பி கட்டுவது இந்தப் பக்கத்தில் யாரும் நின்று பார்க்கிற விஷயம் இல்லை. பெண் பிறந்த அன்றே பாதி முடிவான சம்பந்தம் அது.

ஓசூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு விசா ஆபீஸ். அதை நடத்துகிற மோகனப்ரியா, மூன்று பேரும் படியேறி வருவதைப் பார்த்ததும் ஃபேனைக் கூட்டினாள். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவள் செய்கிற உபசாரம் அது.

"இன்னா சொல்றாங்க?" என்று உட்கார்ந்தார் தீர்த்தகிரி. "கம்மியா இருக்கற பேப்பர் எது, சொல்லும்மா. கொண்டாந்து போட்டுடலாம்."

"கம்மியில்லீங்க சார். அதிகமாயிடுச்சு."

கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு பழைய போட்டோ. மொட்டையடித்த ஒரு வயதுப் பெண் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அளவுக்கு மீறிய பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக எட்டு வயதுப் பையன். குழந்தையின் காதருகே ஆசாரியின் கை. பையன் ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடியிருக்கிறான்.

அருணாவுக்குக் காது குத்தியபோது எடுத்தது. மடியில் வைத்திருப்பவன் தாய்மாமன் ஹரீஷ்குமார்.

நடந்தது இதுதான். நிஜமான உறவுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று மனுவில் கேட்டிருந்தார்கள். விசாவுக்காகவே தாலி கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்களாம், அந்தச் சந்தேகம். கேட்டதும் தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. "மத்தவன் ஆறு மாசத்து வாட்ஸ்அப்பக் காட்டுவான். நம்மகிட்ட இருவத்தி மூணு வருசத்துச் சரக்கு இருக்குது" என்றார். தக்காளிப் பெட்டியில் நல்ல பழத்தை மேலடுக்கில் வைக்கிற கை அல்லவா, கல்யாணப் படங்களை அடியில் போட்டு, காது குத்துப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். கூடவே தான் சொல்லச் சொல்ல அருணாவை ஒரு கடிதமும் எழுத வைத்தார்: மாப்பிள்ளை யாரோ அல்ல, என் மனைவியுடன் ஒரே வயிற்றில் பிறந்தவர், பெண் பிறந்த நாளிலிருந்து இவர்கள் உறவு உலகத்துக்கே தெரியும், ஊரைக் கேட்டுக்கொள்ளலாம்.

"அந்த ஊர் சட்டத்துல மாமனும் அக்கா பொண்ணும் கல்யாணம் பண்ணிக்க முடியாதாம் சார். ரத்த சொந்தமாம். அப்படிக் கட்டினவங்களுக்குப் புருசன் பொண்டாட்டி விசா இல்லையாம்."

செல்வம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திருட்டுப் பழி விழுந்தவள் மாதிரி அவள் முகம் ஆகிவிட்டது.

"மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்துனா தப்பாம்மா?"

"தப்புன்னு சொல்லலீங்கம்மா. அவங்க ஊர்ல அப்படி."

"இதெல்லாம் தெரியத்தான உங்கிட்ட வந்தோம்? படத்த வாங்கி வெக்கறப்பவே சொல்ல வேண்டியதுதான?" என்று தீர்த்தகிரி குரலை உயர்த்தினார்.

மோகனப்ரியா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள்.

"எங்கம்மா கட்டுனதும் எங்க பாட்டியோட தம்பியத்தான் சார். எங்க வீட்டு ஆல்பத்துலயும் இதே மாதிரி படம் இருக்குது. பாத்தப்ப எனக்கு வித்தியாசமாவே தெரியல. அழகா இருக்குதேன்னு நெனச்சேன்."

அதற்குமேல் அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டியில் உட்காருவதுபோல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சரி. எத்தன தூரத்துச் சொந்தம்னா விடுவான்?"

"அத்த பையன், மாமா பொண்ணு, அது பரவால்ல சார். அதுக்கு அங்க தடையில்ல."

"அத்த பையன் ஆகுமா?"

அருணா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஊத்தங்கரையில் அவருடைய அக்கா, தன் மகனுக்கு அருணாவைக் கேட்டு இரண்டு தடவை தாம்பாளத்தோடு வந்தாள். பையன் மாந்தோப்புக் குத்தகைக்காரன். வெளிநாட்டு மாப்பிள்ளை கையில் இருக்கும்போது தோப்புக்காரனுக்கா என்று இவர்தான் சிரித்துப் பேசித் திருப்பி அனுப்பினார்.

"அத்த பையனுக்கும் தாய்மாமனுக்கும் இன்னாம்மா பெரிய வித்தியாசம்? ஒரு படிதான? ஒரே ஒரு படி. அவன் ஒண்ணு எறங்கட்டும், நாம ஒண்ணு ஏறறோம். கூடக் கேக்கற பேப்பர் எல்லாம் குடுக்கறோம். பேசிப் பாரேன்."

"யார்கிட்டங்க சார் பேசறது?"

"முடியாதுன்னு லெட்டர் போட்டவன்கிட்டதான்."

அப்போது யாரும் எதிர்பாராமல் செல்வம்மாள் பேசினாள்.

"நான் பெத்த பொண்ணு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா? எடுத்து வளத்தோம்னு எழுதுனா?"

"அம்மா!" என்றாள் அருணா.

"இருடி. பேப்பர்ல தான? உன்ன அனுப்பறதுக்குத்தான் கேக்கறேன்."

தீர்த்தகிரி வியாபாரத்தில் எத்தனையோ பேர் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தவர். இப்படி ஒரு ஐட்டத்தை எவரும் மேஜைமேல் வைத்து அவர் கண்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"பர்த் சர்டிபிகேட்ல உங்க பேரு இருக்குதும்மா" என்றாள் மோகனப்ரியா மெதுவாக. "அதையும் நாமதான் அனுப்பியிருக்கோம். இனிமே மாத்திச் சொன்னா பொய் சொன்னதா ஆயிடும். அப்பீல்னு ஒண்ணு போடலாம். போட்டாலும் அக்கா தம்பி உறவ என்ன பண்றது?"

சாயங்காலம் ஹரீஷ்குமார் வீடியோவில் வந்தான். அங்கே மழை. நீலச் சட்டையோடு எங்கேயோ படிக்கட்டின் கீழ் நின்றிருந்தான்.

"அக்கா, நான் வந்துடட்டுமா?"

செல்வம்மாளுக்கு வாய்வரை "வாடா" வந்தது. அக்காவாக வந்த வார்த்தையை மாமியாராக விழுங்கினாள். நாகரசம்பட்டியில் வயதான அப்பா அம்மாவும் பாதி கட்டிய வீடும் அவன் அனுப்புவதை நம்பித்தான் நிற்கின்றன. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போனைத் தீர்த்தகிரியிடம் நீட்டினாள். அவர் அருணாவிடம் நீட்டினார்.

"டியூட்டிக்கு நேரமாவுது பாருங்க மாமா. போங்க" என்றாள் அருணா.

"சாப்ட்டியா?"

"ம்."

திரை அணைந்தது. தீர்த்தகிரி கொஞ்ச நேரம் சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மாடி, விசா இல்லன்னு வந்த அந்த மெயில எடு" என்றார்.

"எதுக்குப்பா?"

"எடு, சொல்றேன். எழுது. ஐயா, வணக்கம். நாங்க பொய்யி சொல்லல. எங்க பக்கத்துல இதுதான் மொறை. உங்க சட்டத்த மாத்தச் சொல்லல. ஒரு பொண்ணுக்கு மட்டும், ஒரே ஒரு படி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க நேர்ல வர்றோம். உக்காந்து பேசுவோம். எழுதிட்டியா? இங்கிலீஷ்ல மரியாதையாப் போடு."

அருணா எழுதினாள். அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று கீழேயே அச்சடித்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. அனுப்பினாள்.

உடனே டிங் என்றது போன். தீர்த்தகிரி துள்ளி எழுந்தார்.

"பாத்தியா! வந்துடுச்சு. இன்னா சொல்றான்?"

"போய்ச் சேரலப்பா. திரும்பி வந்துடுச்சு."

"படிச்சுட்டுத் திருப்பிட்டானா?"

"யாரும் படிக்கலப்பா. அந்தப் பக்கம் ஆளே இல்ல. மிஷின்."

"ஆள் இல்லாமலாம்மா முடியாதுன்னு சொல்லுவாங்க?"

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஆங்கிலம் தெரியாத கண்ணால் அந்தத் திரையை மேலிருந்து கீழ்வரை தேடினார். ஒரு பெயர், ஒரு கையெழுத்து, டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போக ஒரு தோள்.

"இன்னொரு வாட்டி அனுப்பு" என்றார்.

அனுப்பினாள். டிங் என்றது.

"இன்னொரு வாட்டிம்மா."