விருப்பமில்லாத கல்

மனித உரிமை மாளிகைக்குப் போகும் செங்கல் ஒவ்வொன்றிடமும் சம்மதம் கேட்ட பிறகுதான் லாரியில் ஏற்றுவார்கள். சூளைக்கே வந்து கேட்பவர் மாளிகையின் கட்டடக் கலைஞர் சர்வோத்தமன். கதர் ஜிப்பா, கழுத்தில் அடையாள அட்டை. கல்லின் உயரத்துக்குக் குனிந்துதான் பேசுவார். கண்ணியம் அங்கிருந்துதான் தொடங்குகிறதாம்.

சரி என்ற கல் மாளிகைக்குப் போகும். மாட்டேன் என்ற கல்லிடம் மன்னிப்புக் கேட்டு, சொந்த ஊரில், அதன் மண்ணை எடுத்த ஏரியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சூளையில் செங்கல் அறுக்கும் பூங்காவனம் இதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சங்கராபுரத்தில் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. முதலாளி தணிகாசலம் விடவில்லை.

"சீசன் முடியட்டும் போ. பொண்ணு எங்க ஓடிடப் போவுது?"

சர்வோத்தமனிடம் போய் முறையிட்டாள். அவர் நிமிரவில்லை.

"குறுக்க பேசாதீங்கம்மா. இவங்க இன்னும் சொல்லி முடிக்கல."

இவங்க என்றது கல்லை. கல் அவளை எரிச்சலோடு பார்த்தது.

பூங்காவனம் கை மண்ணைப் புடவையில் துடைத்தாள். கல் வரிசையின் கடைசியில் போய்க் குந்திக்கொண்டாள். பக்கத்துக் கல் நகர்ந்து இடம் கொடுத்தது.

அவள் முறை வந்தது. சர்வோத்தமன் குனிந்தார்.

"விருப்பப்பட்டுத்தான் இங்க இருக்கீங்களா?"

"இல்லீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களை மன்னிச்சிடுங்க," என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "ஊருக்குப் போற லாரில ஏத்துங்க. பாத்து, மூலை உடையாம."

தணிகாசலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், சார்! அது கல்லு இல்ல, ஆளு!"

"ஆளா? விருப்பமில்லாத ஆளை எப்படிங்க இங்க வச்சிருக்கீங்க?"

தணிகாசலம் அவரைப் பார்த்தார். கழுத்து அட்டையைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கல்லுதான் சார். வெயில்ல சரியாத் தெரியல."

லாரி கிளம்பியது. திரும்பிப் பார்த்தாள். சூளையில் எல்லோரும் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நீளமாகிக்கொண்டே போனது.

"என்னா விசேஷம்?" என்று கேட்டது மேலே கிடந்த கல்.

"பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி."

"எப்ப?"

"விடிஞ்சா."

கல் முன்பக்கம் பார்த்துக் கத்தியது. "யோவ் டிரைவர், மொதல்ல சங்கராபுரம் விடுய்யா! எங்க ஏரி எங்கியும் போயிடாது."

"கல்லு சொன்னா கேக்கணும்னு எங்களுக்கு ஆர்டருங்க," என்று டிரைவர் வண்டியைத் திருப்பினார்.