துக்க நேரம்: ஒன்று முதல் இரண்டு வரை

குழந்தை பிறந்த நூறு நாளுக்குள் அதன் தூக்கத்தைப் பதிந்துவிட வேண்டும். பதியாத குழந்தைகள் தூங்குவதில்லை. மங்கைக்கு இது தெரியும். ஆனாலும் தொண்ணூற்றெட்டாம் நாள்தான் அவள் அமுதனைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தொண்ணூற்றெட்டு நாட்களாக அவன் கண்ணை மூடியிருக்கவில்லை.

அவளைக் கிளப்பிவிட்டது கீழ்வீட்டு பெனிட்டாவின் கதவு. பெனிட்டாவின் குழந்தை பன்னிரண்டு மணிக்குப் பால் குடிக்கும். ஒரு மணிக்குத் தூங்கும். இரண்டு மணிக்குச் சிரித்துக்கொண்டே எழும். இந்த அட்டவணையை அவள் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். வெளிப்பக்கம் ஒட்டியிருந்தாள். மங்கை படி இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையும் அதைப் படித்தாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கணவன் சபாபதியோ பல் துலக்கும்போது தூங்கினான். செருப்பு மாட்டும்போது தூங்கினான். இந்த வீட்டுக்கென்று வந்த தூக்கம் அத்தனையையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான் என்று மங்கை அவனிடம் நேராகவே சொன்னாள். அவன் மறுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே நடைகூடத்தின் நீளம் குழந்தையின் அழுகையைப் பொறுத்தது. குழந்தை அழுதால் நீளும், அடங்கினால் சுருங்கும். அமுதன் அழுதான். மங்கை முக்கால் மணி நேரம் நடந்தாள். பெனிட்டாவுக்கு இதே இடம் நான்கு எட்டுதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கடைசியில் இருந்த எழுத்தர் நிமிராமல் ஒரு படிவத்தை நீட்டினார்.

குழந்தையின் பெயர் என்ற இடத்தில் அமுதன் என்று எழுதினாள். அடுத்து, பால் என்று இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதினாள்.

எழுத்தர் அதைப் படித்தார். "ஆணா பொண்ணான்னு கேட்டிருக்கோம்மா."

"பையன் சார். மாத்திடறேன்."

"பேனா பட்டா பட்டதுதான். இனிமே அவன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பையன்."

"மத்த நேரம்?"

"மத்த நேரத்தப் பத்திப் படிவத்துல கேக்கல."

கடைசியாக, வேண்டுவது என்ற இடத்தில் தூக்கம் என்று எழுத வேண்டும். அவள் எழுத ஆரம்பித்தாள். தூவுக்குக் கடைசியில் போட வேண்டிய சுழியைப் போடுவதற்குள் அமுதன் பேனாவைப் பிடித்து இழுத்தான். எழுத்தர் படிவத்தை வாங்கி முத்திரை குத்திவிட்டார்.

"துக்கம்" என்று அவர் வாசித்தார். "மத்தியானம் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும். நாளைலேருந்து ஆள் வந்துடும்."

"சார், அது தூக்கம்."

"சுழி எங்கம்மா?"

"இப்பப் போட்டுடறேன்."

"சுழியெல்லாம் ஒரு வயசு முடிஞ்சாத்தான்."

"அப்ப வேண்டாம் சார். நிறுத்திடுங்க."

எழுத்தர் முதல்முறையாக நிமிர்ந்தார். அவர் கண்களும் தூங்கியவை அல்ல. "நாங்க நிறுத்த முடியாது. வர்றவங்க வாயால 'போயிட்டு வரேன்'னு சொன்னா அதுவா ரத்தாயிடும். துக்க வீட்ல யாரும்மா அப்படிச் சொல்லுவா? அதனால இதுவரைக்கும் ஒண்ணுகூட ரத்தானதில்ல."

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு மாடி வாசலில் ஷாமியானா கட்டினார்கள். பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். முதல் நாற்காலியில் சபாபதி உட்கார்ந்து தூங்கினான். தெருவில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்து அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மணிக்கு அலுவலகம் அனுப்பிய கொளஞ்சி வந்தாள். மங்கையின் வயதுதான் இருக்கும். உள்ளே வந்ததும் கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"யாருக்கா போனது?"

"யாரும் போகல. இவன் தூங்கணும்."

"எத்தன வயசு?"

"மூணு மாசம்."

"சரி" என்றாள் கொளஞ்சி. தூளிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தூளி மங்கையின் பழைய நூல்புடவை. கொளஞ்சி அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

*எண்ணெ வச்சுத் தல வாரி எடுத்துக் கட்டப் பூ வச்சேன்*
*சொல்லாமப் போனியே, சோறு ஆறிப் போச்சே.*

முதல் வரியில் அமுதன் கொட்டாவி விட்டான். இரண்டாம் வரி முடிவதற்குள் தூங்கிப்போனான். வாய் சற்றுத் திறந்திருந்தது. நெற்றியில் இருந்த சுருக்கம் போய்விட்டது. தன் பிள்ளையின் தூங்கும் முகத்தை மங்கை அன்றுதான் பார்த்தாள். அந்த முகம் கொளஞ்சியின் பக்கம் திரும்பியிருந்தது.

மங்கை பாடாத தாலாட்டு இல்லை. தொண்டை கட்டும் வரை பாடியிருக்கிறாள். அவற்றை அமுதன் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவனைப் போல மரியாதையாகக் கேட்டான். ஒருமுறை தலைகூட அசைத்தான்.

இரண்டு மணிக்கு, படிவத்தில் எழுதியபடியே, அலுவலகத்தின் பால் மணி ஊரெங்கும் அடித்தது. மணி அடித்ததும் அமுதன் பையன் ஆனான். எழுந்தான், மங்கையிடம் பால் குடித்தான். கொளஞ்சி கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. துக்க வீட்டிலிருந்து எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனாள்.

மூன்றாம் நாள் பெனிட்டா படியேறி வந்தாள். ஷாமியானாவை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்களுக்கு இதெல்லாம் தரவே இல்லயே" என்றாள். "எந்தக் கட்டத்துல எழுதுனீங்க?"

மங்கை சொல்லவில்லை. ஒரு நாள் முழுவதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மறுநாள் ஒரு மணிக்கு அது காலியாகிவிட்டது.

ஏனென்றால் அமுதன் இப்போது பன்னிரண்டு ஐம்பதுக்கே கதவைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். அவன் உச்சந்தலையில் கொளஞ்சியின் விளக்கெண்ணெய் வாசம் வந்தது. மங்கை இரண்டு முறை குளிப்பாட்டினாள். வாசம் போகவில்லை. மூன்றாம் முறை குளிப்பாட்டியபோது அந்த வாசம் அவள் கையில் ஏறிக்கொண்டது. அவள் அந்தக் கையை வெகுநேரம் தள்ளியே வைத்திருந்தாள்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒப்பாரியை வரிவரியாக மனப்பாடம் செய்தாள். ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கூந்தலை அவிழ்த்துவிட்டு, தூளியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அதே ராகத்தில் அழுதாள். நன்றாகவே அழுதாள். அழுகை நிஜமாகவே வந்தது. அமுதன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து யாரையோ தேடினான்.

அன்றிலிருந்து மங்கைக்கு ஒரே வேலைதான். கொளஞ்சியின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவைக்க வேண்டும்.

"கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கொளஞ்சி முந்தானையைச் சரிசெய்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். கொளஞ்சி செருப்பை மாட்டினாள்.

"சொல்லாமப் போறீங்களே, ஒரு மரியாதைக்காச்சும் சொல்லிட்டுப் போகலாமில்ல?"

"நீங்க எதுக்கு அடி போடறீங்கன்னு தெரியுதுக்கா" என்றாள் கொளஞ்சி. படி இறங்கிப் போனாள்.

பதினேழாம் நாள் அமுதன் இரண்டடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே விழித்துக்கொண்டான். மணி அடிக்கவில்லை. எனவே அவன் பையனாக இல்லை. என்னவாக இருந்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் சிரித்தான். இதுவரை யாரைப் பார்த்தும் சிரிக்காதவன். எழுந்துபோகப் பார்த்த கொளஞ்சியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வுடுடா சாமி" என்றாள் கொளஞ்சி. "அம்மா போயிட்டு வரேன்."

வாசலில் ஷாமியானா தானாக இறங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. சபாபதி எழுந்து நின்று தூங்கினான்.

கொளஞ்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க வூட்ல சொல்ற பழக்கம். வாய் தவறிடுச்சி."

மங்கை காத்திருந்த சொல் கிடைத்துவிட்டது. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அதற்கு முன்னால் வந்த 'அம்மா' என்ற சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"தூங்குமா?"

கொளஞ்சி கூந்தலை முடிந்துகொண்டாள். இந்த முறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மங்கையை அல்ல, தூளியை.

அதன்பின் மூன்று நாட்கள் அமுதன் தூங்கவில்லை. மங்கை தாலாட்டினாள். அவன் மரியாதையாகக் கேட்டான். ஒரு மணிக்குக் கதவைப் பார்த்தான். ஒன்றரைக்கும் பார்த்தான். அவன் அழுதிருந்தால்கூட அவளால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். அவன் காத்திருந்தான்.

கீழே பெனிட்டா தன் அட்டவணையை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

நான்காம் நாள் பன்னிரண்டே முக்காலுக்கு மங்கை அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கொளஞ்சியின் வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி என்று கேள்விப்பட்டிருந்தாள். தெருமுனை வரை சிணுங்கிய அமுதன், அதைத் தாண்டியதும் அடங்கிவிட்டான். அலுவலக நடைகூடம்போலத் தெரு சுருங்கியது. மூன்று நிறுத்தமும் சுருங்கின. பத்து எட்டு வைப்பதற்குள் கொளஞ்சியின் வாசலில் நின்றிருந்தாள். தன் வீட்டுக்குப் போகும்போது அவனுக்காக எந்தத் தெருவும் இப்படிச் சுருங்கியதில்லை.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நடுவில் தூளி. கொளஞ்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். தூளிக்குள் ஐந்து மாதப் பெண்குழந்தை கண்ணை அகல விரித்துப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததுமே மங்கைக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசை. மரியாதை.

"எம் பொண்ணு. சுடரு" என்றாள் கொளஞ்சி. "நூத்தி அறுவது நாளா முழிச்சிக் கெடக்கு. ஊரு புள்ளையெல்லாம் தூங்க வெக்கிறேன்."

மங்கை அமுதனைப் பாயில் விட்டாள். யாரும் கேட்காமலேயே தூளியின் மறுபக்கம் உட்கார்ந்தாள். தான் வழக்கமாகப் பாடும் தாலாட்டை, யாரும் தூங்காத அந்தத் தாலாட்டை, கட்டிப்போன தொண்டையில் பாடினாள்.

சுடர் முதல் ஆராரோவில் கொட்டாவி விட்டது. இரண்டாவதில் தூங்கிவிட்டது.

கொளஞ்சியின் முகம் மாறியது. வாய் சிரிப்பதுபோல இருந்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தை மங்கைக்குத் தெரியும். தினமும் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு அடுப்படியில் எவர்சில்வர் டப்பாவின் வளைவில் பார்த்திருக்கிறாள். இப்போது எதிரில் பார்த்தபோது அவளுக்கு இனித்தது. அடுத்த வரியை, தேவையே இல்லாமல், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடினாள்.

கொளஞ்சி அமுதனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் பாய்ந்தான். அவள் மடியில் விழுந்து, ஒப்பாரியின் முதல் வரி முழுதாக வருவதற்கு முன்பே தூங்கிப்போனான்.

மேலே தகரம் வெயிலில் டப்பென்று விரிந்தது. குழந்தைகள் இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட்டன.

"நேரமாச்சி" என்றாள் கொளஞ்சி. "கெளம்பலயாக்கா?"

"கிளம்பணும்."

"ஒரு மரியாதைக்குச் சொல்லிட்டுக் கெளம்புங்க."

மங்கைக்குத் தன் குரலையே கேட்டதுபோல இருந்தது. "இங்கயும் அதே சட்டமா?"

"தூங்குற வூடு எல்லாமே அப்படித்தான்."

மங்கை உதட்டை இறுக்கிக்கொண்டாள். சொன்னால் சுடர் எழுந்துவிடும். இனி மங்கையின் தாலாட்டுக்குத் தூங்காது. சொல்லாமலே எழுந்து போகலாம். ஆனால் அமுதனை அந்த மடியிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் விழித்துக்கொள்வான். விழித்து, யாரைப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்களும் தண்ணி கிண்ணி எடுக்க வெளிய போவீங்கல்ல?" என்று கேட்டாள். "போகும்போது என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

"நான் எங்கயும் போகலக்கா. எங்க வூடுதான இது."

வெளியே யாரோ ஷாமியானாவுக்குக் குழி தோண்டும் சத்தம் கேட்டது. நாற்காலிகளை இறக்கினார்கள். ஒன்றில் யாரோ உட்கார்ந்து குறட்டை விட ஆரம்பித்தார்கள். அந்தக் குறட்டை மங்கைக்குப் பழகிய குறட்டை.

இரண்டு மணிக்குப் பால் மணி அடித்தது. இரண்டு பேர் ரவிக்கைகளும் ஒரே சமயத்தில் பாலில் நனைந்தன. அமுதன் தூக்கத்திலேயே பையன் ஆனான். எழவில்லை. சுடரும் எழவில்லை.

மங்கை கொளஞ்சியின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சி தூளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இருவரும் வாயைத் திறக்கவில்லை.