முப்பத்தோரு வருஷம்

பிச்ஃபோர்டின் புகையிலைக் காட்டில் ஹெஸ்டர் டல்லுக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி இருந்தது. கப்பல் கூலிக்கு ஈடாக ஏழு வருஷம் உழைப்பதென்று பிரிஸ்டல் துறைமுகத்தில் கைநாட்டு வைத்துக் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரி. அது முடிந்தால் கொஞ்சம் சோளமும் ஒரு மாற்றுடுப்பும் வாங்கிக்கொண்டு யாரையும் கேட்காமல் நடக்கலாம். அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பெண் பிறந்தது.

தகப்பன் குவாகோ. பிச்ஃபோர்டின் கறுப்பு அடிமை. ஹெஸ்டருக்குப் பக்கத்து வரிசையில் இலை கிள்ளுகிறவன். இரண்டு பேரையும் ஒரே உலர்த்தும் கொட்டகையில் வேலைக்கு விட்டது பிச்ஃபோர்டுதான். மனுஷர் நல்லவர், கண்டும் காணாமல் இருக்கிறார் என்று ஹெஸ்டர் நினைத்திருந்தாள்.

வெள்ளைக்காரி கறுப்பனுக்குப் பிள்ளை பெறுவது அங்கே சட்டப்படி குற்றம். கோர்ட்டில் நீதிபதி குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"தகப்பன் யாருன்னு கேக்கவே வேண்டாம். நெறமே சாட்சி சொல்லுது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிச்ஃபோர்டும் சிரித்தார். அபராதம் கட்ட வழியில்லாததால் ஹெஸ்டருக்கு இன்னும் ஐந்து வருஷ உழைப்பு. அந்த ஐந்து வருஷத்துக்குத் தேவாலயப் பொறுப்பாளர் அவளை யாருக்கும் விற்கலாம். குழந்தை முப்பத்தோரு வயது வரை ஊழியம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் விடுதலை. தேவாலயப் பொறுப்பாளரே பிச்ஃபோர்டுதான்.

வெளியே வந்ததும் ஹெஸ்டர் அவர் காலைப் பிடித்தாள். "ஐயா, அந்த அஞ்சு வருஷத்தையும் உங்ககிட்டயே செஞ்சுடறேன். பிள்ளைகூட இருக்க விடுங்க."

"உன் முதுகு தேஞ்சு போச்சு, ஹெஸ்டர். உன்னை ஆத்துக்கு அக்கரைல கேட்டிருக்காங்க. எனக்குப் பிள்ளை போதும்." காலை உருவிக்கொண்டார். "எதுக்கு உங்களை ஒரே கொட்டகைல போட்டேன்னு நெனச்சே?"

அந்த வாரமே குவாகோவைக் கரோலினாவுக்கு விற்றார். அவன் போன பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

மூன்று மாதமும் கழிந்தது. படகு ஏறும் முந்தின நாள் சமையற்கட்டில் டார்கஸ் குழந்தைக்குச் சோளக் கூழ் ஊட்டிப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளும் ஒப்பந்தத்தில் வந்தவள்தான்.

"ஏடி, இவ பொறந்த தேதியைக் கோயில் ஏட்டுல எழுத வச்சியா?"

"எதுக்கு?"

"முப்பத்தோரு வருஷம் கழிச்சு இவ யாருன்னு எவன் ஞாபகம் வச்சிருப்பான்? நீயும் நானும் மண்ணுக்குள்ள கெடப்போம். கறுத்த தோலு, கையில காகிதம் இல்ல. அடிமைன்னு சொல்லிடுவானுங்க. வெள்ளைக்காரி வயித்துல பொறந்தவன்னு எழுத்துல இருக்கணும்."

ஹெஸ்டர் கூழ் கலயத்தைக்கூடக் கழுவி வைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மைல் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது.

தேவாலயக் குமாஸ்தா ஸ்ப்ரிக் ஏட்டைத் திறந்து வைத்திருந்தார். பிச்ஃபோர்டு ஞாயிற்றுக்கிழமையே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

"பேரு?"

"டாமரிஸ். டாமரிஸ் டல். தாய் ஹெஸ்டர் டல், ஒப்பந்தக்காரின்னு போடுங்க, ஐயா. பிப்ரவரி ஒம்பதாம் தேதி பொறந்தா."

பேனா ஓடிற்று. 'டாமரிஸ். பிச்ஃபோர்டின் அடிமைச் சிறுமி.' அவ்வளவுதான் எழுதினார். மை காய மேலே மணலைத் தூவினார்.

"ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, ஐயா. எனக்கு எழுத்து தெரியாது."

ஸ்ப்ரிக் விரலை அந்த வரிமேல் வைத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "டாமரிஸ் டல். தாய் ஹெஸ்டர் டல், ஒப்பந்தக்காரி. பிப்ரவரி ஒம்பது. போதுமாம்மா?"

"இந்த எழுத்து அழியாதே?"

"அழியாது. நல்ல மை."

அவள் அவர் கையை முத்தமிட்டாள்.

மறுநாள் காலையில் டார்கஸ் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்தாள். ஹெஸ்டர் படகில் ஏறி உட்கார்ந்தாள். மார்பு பால் கட்டி வலித்தது. அழவில்லை.

"எழுதியாச்சு, டார்கஸ்," என்றாள். "படிச்சே காட்டிட்டாரு."

படகுக்காரன் துடுப்பை எடுத்தான்.