ஜன்னல் விடுவதா, அடைப்பதா

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லாமல் நழுவி வந்து, வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவ்வளவுதான். பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி இது: "சார், இந்தச் சுவர்ல ஜன்னல் விடணுமா, அடைச்சுட்டு மேல போயிடலாமா?"

எங்கள் வீட்டை என் மனைவி கட்டிக்கொண்டிருக்கிறாள். 'நாங்கள்' என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அது அப்பட்டமான பொய். வரைபடத்தை மட்டும் ஒரு இன்ஜினியரிடம் வாங்கினாள். காண்ட்ராக்டர் வேண்டாம் என்றுவிட்டாள். மேஸ்திரியைப் பிடித்தது, செங்கல்லைத் தட்டிப் பார்த்து இறக்கியது, எலக்ட்ரீஷியன் குறித்துவைத்த இடத்தைப் பிளம்பர் வந்து அழிக்காமல் பார்த்துக்கொண்டது எல்லாமே அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறாள். மணலைக்கூட ஏதாவது நோய் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போலத்தான் பார்க்கிறாள். வேலையாட்கள் அவளை இன்ஜினியரம்மா என்கிறார்கள். என்னை சார் என்கிறார்கள். எதற்காக அந்த சார் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேஸ்திரி கேட்ட நேரத்தில் அவள் டைல்ஸ் பார்க்கப் போயிருந்தாள்.

"அவங்க வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"காலைல வந்ததும் தெரியணும் சார். மத்த சுவர் எல்லாம் ஏறிடுச்சு. இது ஒண்ணுதான் இடுப்பளவுல நிக்குது."

அது என்னை மாதிரியே நின்றுகொண்டிருந்தது என்று எழுதலாம். (எழுதவில்லை.)

2

முதல் தொடக்கம்: மேகங்கள் படுக்கையறையைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

இது பொய்யில்லை. கூரை இன்னும் போடவில்லை. மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போன பிறகு நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேகம் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்வது தெரியும். சுவருக்கு ஊற்றிய தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருக்கும். ஓர் அறையில் வெயில், பக்கத்து அறையில் நிழல், சிறிது நேரத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஆனால் மேகத்தில் ஆரம்பித்தால் நான் கீழே இறங்கவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: நனைந்த செங்கல்லின் வாசனைக்கு நிகராக இந்த உலகில்

(வேண்டாம். எந்த வாசனை என்றாலும் இப்படித்தான் எழுதித் தொலைக்கிறேன்.)

மூன்றாவது தொடக்கம், கோடு போட்ட நாள். இதுதான் சரியானது என்று நினைக்கிறேன்.

வெறும் மனையில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வீட்டைத் தரையில் வரைந்தார்கள். சுவரும் இல்லை, கதவும் இல்லை. இருந்தாலும் நாங்கள் இருவரும் கோட்டைத் தாண்டாமல், வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் உள்ளே போனோம். யாரும் சொல்லித் தரவில்லை. கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். சமையலறையில் அவள் இல்லாத அடுப்பின்மேல் இல்லாத பாத்திரத்தைக் கிளறினாள். பிறகு குளியலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "தட்டிட்டு வரக்கூடாதா?" என்றாள். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் பிறகு சுவர்கள் வந்தபோது கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவள், "கிச்சன் சின்னதா இருக்கே" என்றாள்.

"கோடாப் பாத்தா எல்லா ரூமும் அப்படித்தாம்மா தெரியும், சுவர் ஏறினா சரியாயிடும்" என்றார் மேஸ்திரி.

அவளுக்கு மனம் கேட்கவில்லை. முளையைப் பிடுங்கி ஓர் அடி தள்ளி நட்டாள்.* இப்போது கூடம் சின்னதாகத் தெரிந்தது. அதையும் தள்ளினாள். பெரிய கூடத்துக்குப் பக்கத்தில் படுக்கையறை பாவமாக இருந்தது. காண்ட்ராக்டர் இருந்திருந்தால் முடியாது என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. மனை மட்டும் இருந்த அளவிலேயே இருந்தது. அதனால் ஒவ்வொரு முறை முளை நகரும்போதும் கோடியில் இருந்த அறை கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், கையை அகல விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும் அளவுக்கு ஒரு துண்டு மிஞ்சியது. மேஸ்திரி அதைச் 'சந்து' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தச் சந்து என் அறை.

* ஓர் அடி இல்லையாம், முக்கால் அடியாம். (இந்தக் குறிப்பைப் பிறகு சேர்த்தேன். யார் திருத்தியது என்று போகப்போகத் தெரியும்.)

3

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் சாப்பாட்டு மேசையில்தான் எழுதுகிறேன். சாப்பாட்டு நேரம் வந்தால், "தட்டு வைக்கணும், உங்க ஆளுங்களையெல்லாம் கொஞ்சம் எழுப்பி விடுங்க" என்பாள். கதாபாத்திரங்களைச் சொல்கிறாள். நானும் அவர்களை வாரிக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போவேன். இதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. அவள்தான் ஒருநாள் வரைபடத்தின் கோடியில் விரலை வைத்து, "இது உங்களுக்கு, கதவைச் சாத்திட்டு எழுதுங்க" என்றாள். கேட்காமலே கிடைத்த அறை அது. அதனால்தானோ என்னவோ, அது கைவிட்டுப் போனபோது கேட்க வாய் வரவில்லை.

போன வாரம் எலக்ட்ரீஷியன் சந்துக்கு எத்தனை பாயின்ட் என்று கேட்டபோது அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "அது ஸ்டோர் ரூம்தான், ஒரு லைட் போதும்."

எனக்கு வலித்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் மறந்துவிட்டாளா, தெரிந்தே செய்தாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் தேவையில்லை. உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தேவை. ஆகவே சந்தின் சுவரைக் காட்டி மேஸ்திரி கேட்டது, இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா என்று. பாவம், அவருக்கு அது தெரியாது.

4

மேஸ்திரியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவரை ஞானியாக்கி வைத்திருந்தேன். செங்கல்லைக் கையில் ஏந்தி வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொன்னார். நிஜத்தில் அவர் ஓய்வு நேரத்தில் போனில் மீன் பிடிக்கும் வீடியோ பார்ப்பார். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்க சார், தூண்டிலே இல்லாம பிடிக்கறான்." செங்கல் வசனத்தை வெட்டிவிட்டேன். மீன் இருக்கட்டும்.

மனைவியைப் பற்றித்தான் பெரிய சந்தேகம். இரண்டாம் பிரதியில் கல்நெஞ்சக்காரியாக வந்தாள். மூன்றாம் பிரதியில் ஒன்றும் தெரியாத அப்பாவியாக வந்தாள். இரண்டு பேரையுமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களில் யாரும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் அளவு டேப்போடு, மேகம் போகிற வீட்டுக்குள் தனியாக அறை அறையாக நடக்கிறவள் இல்லை. அவள் அப்படி நடக்கும்போது உதடு அசைவது வாசலுக்கு வெளியே நிற்கிற எனக்குத் தெரியும். யாரிடம் பேசுகிறாள் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எனக்குத் தெரியாது.)

5

முடிவு ஒன்று. குடிபோகும் நாள். சாமான் இறக்குகிறவர்கள் என் புத்தகப் பெட்டிகளை எங்கே வைக்க என்று கேட்கிறார்கள். அவள் ஒவ்வோர் அறையாகத் திரும்பிப் பார்க்கிறாள். அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. மாடியில் எனக்குத் தெரியாமல் பெரிய அறையாக ஒன்று கட்டி வைத்திருக்கிறாள். (மாடிக்குப் படி எங்கே வரும் என்பதே இன்னும் முடிவாகவில்லை.)

முடிவு மூன்று. நான் சந்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் சுவர் சத்தமில்லாமல் கொஞ்சம் விலகுகிறது. அடுத்த வாக்கியத்துக்கு இன்னும் கொஞ்சம். எனக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது, கால் நீட்ட இடம் கிடைக்கிறது. பக்கம் பக்கமாக எழுதுகிறேன். படுக்கையறை ஒடுங்குகிறது, கூடம் ஒடுங்குகிறது. கடைசியில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "போதுங்க, நிக்க இடமில்ல" என்கிறாள். கனவில் கேட்கிற குரல் மாதிரி, பக்கத்திலும் இருக்கிறது, தொலைவிலும் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று பயமாகவும் இருந்தது. பேனாவை வைத்துவிட்டு மேசையிலேயே தலையைச் சாய்த்தேன்.

6

கண் விழித்தபோது எதிர் நாற்காலியில் அவள் இருந்தாள். மேசைமேல் இரண்டு டைல்ஸ் துண்டுகள். சாயங்கால வெயில் அவற்றில் பட்டு அவள் முகவாயில் விழுந்துகொண்டிருந்தது. கையில் என் தாள்கள்.

"முக்கால் அடி, ஒரு அடி இல்ல" என்றாள்.

"மாத்திடறேன்."

"மூணாவது முடிவு நல்லாருக்கு."

அவள் தாள்களை அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சீராக்கினாள்.

"உங்க ரூம் போனது எனக்குத் தெரியாம இருக்குமா? முளையைப் பிடுங்கி நட்டதே நான்தானே. ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தைத்தான் பாத்தேன். 'ஏய், அது என் ரூம்'னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன்."

"நீ ஆசையாத் தள்ளிக்கிட்டிருந்தே. அதுல போய் நான்..."

"நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். வாசல் எந்தப் பக்கம்னு கேட்டா, உன் இஷ்டம். படி உள்ளயா வெளியயான்னு கேட்டா, உன் இஷ்டம். இந்த டைல்ஸைக் காட்டினாலும் அதையேதான் சொல்லப் போறீங்க."

(சொல்வதற்கு வாய் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.)

"அது உன்மேல எனக்கிருக்கற நம்பிக்கை" என்றேன்.

"நம்பிக்கை இல்ல, லீவு. நான் வீடு கட்டறேன், நீங்க லீவுல இருக்கீங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறு குரலில் பேசினாள்.

"எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் ஒவ்வொரு ரூமா நடப்பேன். இங்க கட்டில், இங்க பீரோன்னு உங்ககிட்ட சொல்ற மாதிரியே சொல்லிக்கிட்டு நடப்பேன். திரும்பிப் பாத்தா நீங்க எந்த ரூம்லயும் இல்ல. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிட்டு நான் மட்டும் குடியிருக்கப் போறேனோன்னு இருக்கு. பயமா இருக்குங்க."

எனக்கு இடமில்லை என்றல்லவா நான் இத்தனை பக்கம் எழுதியிருந்தேன். அவள் அந்த வீட்டில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எந்தப் பிரதியிலும் இல்லை. மேசைக்கு மேலே கையை நீட்டினேன். அவள் அதில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்தாள்.

"காலைல மேஸ்திரிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

7

இந்த மாதிரிக் கதைகளில் எழுத்தாளர் நைசாகக் கையைத் துடைத்துக்கொள்ளும் இடம் இது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்: வாசகரே, கதையை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன், ஜன்னல் விடுவதா அடைப்பதா என்பது இனி உங்கள்

அடுத்து வர வேண்டிய சொல்லைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மன்னிக்க வேண்டும். இந்த முடிவை உங்களிடம் கொடுக்க முடியாது.

காலையில் போனோம். சுவர்கள் ஈரமாக இருந்தன. வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை. கூரையில்லாத வீட்டுக்குள் பனிப்புகை இறங்கி, இடுப்பளவு சுவருக்கு அந்தப் பக்கம் தெருவே இல்லாத மாதிரி இருந்தது. மேஸ்திரி கலவைச் சட்டியோடு சந்தில் நின்றார். அவள் எதிர்ச்சுவரில் சாய்ந்து, சொன்னபடியே வாயை இறுக மூடிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தாள்.

"என்ன சார், விடவா அடைக்கவா?"

"விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஆனா இந்த உயரம் வேண்டாம். ரெண்டு வரிசை கல்லைப் பிரிச்சு எடுத்துடுங்க. நான் உக்காந்தா வெளிய தெரியணும்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவள் ஆகாயத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"ரெண்டு வரிசையா? மழை பெஞ்சா சாரல் நேரா உங்க பேப்பர் மேலதான் அடிக்கும்."

"சன்ஷேடு போட்டா அடிக்காது."

"சன்ஷேடு போட்டா இருட்டாயிடும். அப்புறம் எதுக்கு ஜன்னல்?"

"இருட்டா இருந்தா ரெண்டு லைட் போடு. ஸ்டோர் ரூமுக்குத்தான் ஒண்ணு போதும்."

"ஓஹோ, அதையும் கேட்டுட்டுத்தான் கம்முனு இருந்தீங்களா?"

"கிச்சன் சுவரையும் முக்கால் அடி அந்தப் பக்கம் தள்ளு."

"தள்ளறதா! ஏறின சுவரையா? என் கிச்சனையா?" அவள் சுவரை விட்டு நிமிர்ந்து, டேப்பை உருவிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு களையைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் நாலு சுவரைத் தள்ளச் சொல்லலாமா என்றிருந்தது.

மேஸ்திரி சட்டியைக் கீழே வைத்தார். "பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்." போகும்போதே போனை எடுத்துவிட்டார்.

எவ்வளவு உயரத்தில் ஜன்னல் வந்தது என்று கேட்காதீர்கள். இன்னும் வரவில்லை. இதை அந்த இடுப்பளவு சுவரின்மேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். அவள் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டுக் குனிந்து அந்த இடைவெளி வழியாகப் பார்க்கிறாள். "என்னத்த எழுதறீங்க, இங்க வந்து பாருங்க. இவ்வளவு போதுமா போதாதா?" என்கிறாள். போதாது. அதை அவளிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அதனால் இந்தக் கதையை