வேருக்கு வார்னிஷ்

கேட்டைத் திறந்தபோதே வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. ஏதோ பழைய நாற்காலிக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, செருப்பை இழுத்தபடி உள்ளே வந்தாள். குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலை அவளுக்கு. காலையிலிருந்து காதில் விழுந்ததெல்லாம் “தண்ணி வரலம்மா” என்பதுதான். வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் அவளை விடுவதில்லை. தோட்டத்து மூலையில் ஆளைவிட உயரமாக, மரம்போல வளர்ந்து நிற்கும் மரப்பெரணிச் செடிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உச்சியில் ஊற்ற வேண்டும். காலடியில் ஊற்றினால் மகாராணிக்குப் போதாது. தலையில் வாங்கி உடம்பெல்லாம் நனைந்தால்தான் குடிப்பாள்.

வாங்கி நட்டது கணவர். அரசுத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கேட்டில் மாட்டிய பெயர்ப்பலகையில் ‘இணை’ உதிர்ந்துவிட்டது. தெருவுக்கு அவர் டைரக்டர். வருகிறவர்களை நிற்கவைத்து, “டைனோசர் மேஞ்ச செடி சார் இது” என்று ஆரம்பித்தாரானால், டைனோசர் அழிந்ததே இந்தப் பேச்சைக் கேட்டுத்தானோ என்று தோன்றிவிடும். பேச்சு அவர் இலாகா, தண்ணீர் அவள் இலாகா. தோள்பட்டை இறுகிக் கை மேலே எழும்பாத நாட்களிலும் அவள் ஊற்றினாள். நாளெல்லாம் குறை கேட்ட காதுக்கு, ஒரு சொல்லும் சொல்லாமல் குடிக்கிற உயிர் அது ஒன்றுதான். கோடையில் ஓலையெல்லாம் கருகி, இனி அவ்வளவுதான் என்றிருந்தபோது, இப்போதுதான் உச்சியில் ஒரு குருத்து, ரோமம் போர்த்திய சின்ன முஷ்டியாக எட்டிப் பார்த்திருந்தது.

அந்த மரப்பெரணி இப்போது கட்டில் கால் மாதிரி பளபளத்தது.

“எப்படி?” என்றார் டைரக்டர், கையில் பிரஷ்ஷோடு. “நாளைக்குத் தோட்டக் கழகத்துக்காரங்க வர்றாங்க. கரடி மாதிரி சொரசொரன்னு நின்னா நமக்கு மரியாதையா? கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு ரெண்டு கோட்டிங் குடுத்துட்டேன்.”

“என்னங்க, அது...”

“தொடாத, காயல.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். மேற்கொண்டு பேசினால் பதில் வராது, சொற்பொழிவு வரும். அதை நின்று கேட்கக் கால் இல்லை.

மறுநாள் கழகம் வந்தது. டைரக்டர் தொண்டையைச் செருமினார். டைனோசரைக் கடந்து, பனியுகத்தைக் கடந்து, அடிமரத்துக்கு வந்தார். “எல்லாரும் இதைத் தண்டுன்னு நினைக்கிறாங்க. தப்பு! இது பூராவும் வேர். வெளியில நிக்கிற வேர். இது வழியாத்தான் தண்ணியே குடிக்குது.”

குடையோடு வந்திருந்த பல் டாக்டர் கையைத் தூக்கினார். “அப்போ சார், வேருக்கா வார்னிஷ் அடிச்சிருக்கீங்க?”

டைரக்டர் திரும்பி அடிமரத்தைப் பார்த்தார். “அது... ஒரு பாதுகாப்புப் பூச்சு.”

“ஓ, பல்லுக்கு நாங்க அடிப்போமே, அந்த மாதிரி.”

கூட்டம் சிரித்தது. டீத்தட்டோடு நின்றவள் இப்படி ஒரு சிரிப்புக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தாள். வந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது, கப் பத்துமா என்பதுதான்.

எல்லாரும் போனபின் அவர் வெகுநேரம் தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வாளியோடு வந்தாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

“அது வேர்னு நீங்க சொல்லித்தானே எனக்கே தெரியும்.”

அவள் ஸ்டூலைப் போட்டபோது அவர் எழுந்து வந்து, ஆடாமல் பிடித்துக்கொண்டார். இதுவரை பிடித்ததில்லை. அவள் இடது கையால் தோளைத் தாங்கிக்கொண்டு மெதுவாக ஊற்றினாள். வழக்கமாக அடிமரத்தில் எங்கோ மறைந்துவிடும் தண்ணீர், இன்று கண்ணாடியில் வழிவதுபோல நேரே இறங்கி அவர் செருப்பை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

“இன்னொரு வாளி கொண்டு வரட்டுமா?”

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த ரோமத்தோடு குருத்து இறுக மூடியிருந்தது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழே, அவர் கட்டைவிரல் நகத்தால் வார்னிஷைச் சுரண்டும் சத்தம் கேட்டது.