பத்தும் பத்தும் சேராத சைக்கிள்

காலையில் எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். கூடத்தில் நிற்கும் சைக்கிளை ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். வீடு சின்னது, சைக்கிள் பெரியது. பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்ததால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கீழே, எண்ணெய் சொட்டாமல் இருக்க, ஒரு கிழிந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தான்.

திரும்பி வரும்போது பெடலைக் கையால் சுற்றி, ஹேண்டில்பாரில் இருந்த கியர் லிவரை அழுத்தினான். கிளிக் என்றது. சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறப் பார்த்தது, ஏற முடியாமல் இரண்டுக்கும் நடுவே கரகரவென்று அரைத்தது. நேற்று போலவே இன்றும். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தான்.

போன் அடித்தது. மாமியார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"சாப்டேன் அத்தை."

"என்ன சாப்டீங்க?"

அடுப்பைப் பார்த்தான். "வழக்கம்போலத்தான்."

"வழக்கம்போலன்னா ஒண்ணும் சாப்பிடலன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை வர்றோம். தம்பியும் வர்றான். இந்தத் தடவை சைக்கிள எடுத்துட்டுப் போயிடலாம்னு சொல்றான்."

"கியர் இன்னும் சரியாகல அத்தை."

"அதுக்குத்தான் ஆளையும் கூட்டிட்டு வர்றான்."

போனை வைத்தான். நிம்மதி போன இடம் தெரியவில்லை.

இதெல்லாம் அவனே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வினை. சின்ன ஆபரேஷன்தான் என்று சொல்லி உள்ளே போன அவன் மனைவி வெளியே வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கடைசியா என்ன சொன்னா?" உள்ளதைச் சொல்ல முடியாது, அது துக்க வீட்டில் சொல்கிற மாதிரி இல்லை. ஆகவே கேட்டவர் முகத்தைப் பார்த்து, அந்த முகத்துக்கு என்ன வேண்டியிருந்ததோ அதைச் சொன்னான். மாமியாரிடம், "அம்மாவத் தனியா விட்டுடாதன்னு சொன்னா" என்றான். அன்றிலிருந்து அந்த அம்மாளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுக்கு. அதை அந்த அம்மாளே தினமும் போன் செய்து நிறைவேற்றிக் கொடுத்தாள். மேனேஜரிடம், "வேலைய மட்டும் விட்டுடாதன்னு சொன்னா" என்றான். மேனேஜர் கண் கலங்கி, நாளைக்கே வந்துவிடச் சொன்னார்.

மச்சான் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளைவிடச் சின்னவன், அவள் தூக்கி வளர்த்தவன். அந்த அழுகை நிற்க வேண்டுமே என்று இவன் வாயில் வந்ததைச் சொன்னான்: "அந்த சைக்கிள் தம்பிக்குன்னு சொன்னா." அழுகை நின்றது.

அப்போது அது சைக்கிளே இல்லை. சில பெட்டிகள், ஒரு இரும்பு ஃபிரேம், அவ்வளவுதான். பின்னாலும் முன்னாலும் பைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கென்று அவள் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். கியர் லிவர் ரோட்டு சைக்கிளுக்கான ஜாதி, பத்து கியர். அதை ஹேண்டில்பாரில் பொருத்தி, பச்சை டேப்பைத் தன் கையாலேயே சுற்றியிருந்தாள். ஓர் இடத்தில் டேப் கோணலாகப் போயிருந்தது. பிரித்துச் சுற்ற அவளுக்குப் பொறுமை இல்லை.

அவள் போன பிறகு எல்லாவற்றையும் மாட்டி முடித்தது அவன்தான்; ஆனால் அவன் வாங்கியது ஒரே ஒரு பாகம். சங்கிலியைப் பல்சக்கரங்களின் மேல் தள்ளி ஏற்றி இறக்கும் டீரெய்லர். மலை சைக்கிளுக்கானது, பளபளப்பானது. அதுவும் பத்து கியர், அதே கம்பெனி. அவன் கல்லூரியில் கணக்குப் படித்துப் பட்டம் வாங்கியவன். பத்துக்கும் பத்துக்கும் நடுவே ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று எந்தப் பேராசிரியரும் அவனுக்குச் சொன்னதில்லை.

ஆனால் இருந்தது. லிவர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள், இந்த டீரெய்லருக்குப் பற்றவில்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர வேண்டிய தூரத்தில் முக்கால்வாசிதான் நகர்ந்தது. சின்ன பல்சக்கரங்களில் திருகித் திருகிச் சரிக்கட்டினால் நடுவில் அரைத்தது. நடுவில் சரிசெய்தால் இரண்டு பக்கமும் கெட்டது. எப்படியும் மேட்டில் ஏற உதவும் பெரிய பல்சக்கரத்தைச் சங்கிலி எட்டவே இல்லை.

என்ன செய்தால் சரியாகும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவளுடைய பழைய சைக்கிளில் இருந்து கழற்றிய டீரெய்லர், படுக்கையறை ஆணியில் தொங்கியது. லிவர் இழுக்கும் அளவு அதற்குச் சரியாக இருக்கும்; அதை மாட்டினால் சைக்கிள் ஓடும். ஓடினால் மச்சான் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கியர் சரியானதும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். ஆகவே அந்தக் கரகரப்பை அவன் பிள்ளையைப்போல் பாதுகாத்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூவர் வந்தார்கள். மாமியார் தூக்குச் சட்டியோடு நேராக அடுப்படிக்குப் போனாள். மச்சான் பின்னால் ஒரு கனத்த ஆள், கையில் பெட்டி.

"மாமா, இவர எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. சைக்கிள் டாக்டர். பாத்த உடனே சொல்லிடுவாரு."

டாக்டர் சைக்கிளைத் தொடவில்லை. பெடலைச் சுற்றச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்து நின்றார்.

"யார் சார் மாட்டினது?"

"நான்தான்."

"பரவாயில்ல, படிச்சவங்கதானே. சைஸ் எல்லாம் பாத்தீங்களா?"

"அதுவும் பத்து கியர், இதுவும் பத்து கியர். ஒரே கம்பெனி."

"அப்ப பொருத்தம் பிரமாதம். டீரெய்லரும் புத்தம்புதுசு, தங்கம் மாதிரி இருக்கு. லிவர்தான் செத்துப்போச்சு. கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிடலாம், அரை மணி வேலை."

"பாத்தீங்களா மாமா? இத்தனை வாரமா இந்தச் சின்ன விஷயத்துக்குத் தலையப் பிச்சுக்கிட்டு இருந்தீங்க!"

டாக்டர் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். ஹேண்டில்பாரைத் தடவினார்.

"இந்த டேப்ப மொதல்ல அறுக்கணும். யாரோ கத்துக்குட்டி சுத்தியிருக்கான், பாருங்க, இங்க கோணிட்டுப் போகுது."

"அதத் தொடாதீங்க."

குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"தொடாம எப்படி சார் வைத்தியம் பாக்குறது?"

அவன் உள்ளே போனான். ஆணியில் இருந்ததை எடுத்து வந்தான். பழையது, ஓரமெல்லாம் கீறல்.

"இத மாட்டினா சரியாயிடும்."

டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது ஒன்பது கியரோடது."

"ஆமா."

"பத்து கியருக்கு ஒன்பதா? சார் கணக்குல பட்டம்னு இந்தத் தம்பி சொன்னாரே, எந்தக் காலேஜ்? எங்க பொண்ண அங்க சேக்காம இருக்கலாம்னு கேக்குறேன்."

மச்சான் சிரித்தான். அவன் தரையில் உட்கார்ந்தான். பளபளப்பானதைக் கழற்றி, பழையதை மாட்டினான். கேபிளை இழுத்துக் கட்டினான். ஒரு திருகு, இன்னொரு அரைத் திருகு. பெடலைச் சுற்றி லிவரை அழுத்தினான். கிளிக். சங்கிலி ஏறியது. கிளிக். ஏறியது. ஒவ்வொரு கிளிக்குக்கும் சத்தமில்லாமல் ஒரு படி ஏறி, இதுவரை எட்டாத பெரிய சக்கரத்தில் போய் அமர்ந்தது. டாக்டர் கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"நான் சொன்னேன்ல," என்றார், "சின்ன வேலைதான்னு." பெட்டியை மூடிக்கொண்டு, வாசலில் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "மாமா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"உங்க அக்கா."

"எப்ப?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாயில்தான் எதுவும் வரவில்லை. "கடைசியா," என்றான்.

"கடைசியாவா? கடைசியா சைக்கிள் தம்பிக்குன்னுதானே சொன்னா? நீங்கதானே சொன்னீங்க!"

மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் தன் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்னைப் பத்தி?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்பதுபோல்.

"அதான பாத்தேன். அவ என்னிக்கு என்னைத் தனியா விட்டுடாதன்னு சொல்லியிருக்கா? கொஞ்சம் தனியா விடும்மான்னுதான் சொல்லுவா." சிரித்தாள். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

மச்சான் சைக்கிளின் சீட்டில் கை வைத்திருந்தான். "அப்ப இது எனக்கு இல்லையா?"

"அவ சொல்லாதத நீ எடுத்துட்டுப் போகாதடா," என்றாள் தாய்.

மச்சான் கையை உடனே எடுக்கவில்லை. கோணல் டேப்பை ஒரு விரலால் தடவினான். "அக்கா ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போட்டாலும் இப்படித்தான் போடுவா," என்றான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறியா?" என்றான் அவன்.

"நீங்க மொதல்ல ஓட்டுங்க மாமா. அப்புறமா பாக்கலாம்."

மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் காலடியில் அந்தக் கிழிந்த அட்டைப்பெட்டி, எண்ணெய்க் கறையோடு.

"உண்மையில என்னதான் சொன்னா? பரவாயில்ல, சொல்லுங்க. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்."

சொன்னான். ஆபரேஷன் அன்று காலை அவன் குளித்துவிட்டு வர வீட்டுக்கு வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து பார்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன் செய்தாள், வரும்போது சீப்பு எடுத்துவரச் சொல்ல. டீரெய்லர் வந்துவிட்டது, பத்து கியர், உன் லிவரும் பத்து, பிரித்து எடுத்துவந்து காட்டுகிறேன் என்றான். எந்த சைக்கிளுக்கானது என்று கேட்டாள். மலை சைக்கிளுக்கு என்றான், தோளில் போனை இடுக்கிக்கொண்டு, அதற்குள் பெட்டியைப் பாதி கிழித்தபடி. அவள் பதிலைக் கேட்டு, கிழிந்ததை அவள் திரும்பி வந்து பார்ப்பதற்குள் ஒட்டிவிடலாம் என்று நினைத்தான். அவன் சீப்போடு போய்ச் சேர்வதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்; போனில் அவள் சொன்னதுதான் கடைசி.

"அது என் லிவரோட சேராதுப்பா. பழசே போதும், ஆணியில தொங்குது பாரு. பெட்டியக் கிழிச்சிடாத, திருப்பி அனுப்பணும்."