வலமிருந்து வாசிக்கும் புத்தகம்

சாபிராவுக்குப் புத்தகம் என்றால் இரண்டே வகைதான். இடப்பக்கமிருந்து ஆரம்பித்தால் பள்ளிக்கூடப் புத்தகம், வலப்பக்கமிருந்து ஆரம்பித்தால் ஓதுகிற கிதாபு. துபாயிலிருந்து வந்த மகன் சலீமின் பெட்டியைத் துடைத்து வைத்தபோது அடியில் ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம் கிடைத்தது. வலப்பக்கமிருந்து ஆரம்பித்தது. முதல் தாளில் மேலிருந்து கீழாக என்னவோ எழுத்து. அந்த அம்மாள் அதற்கு மேல் ஆராயவில்லை. கண்ணில் ஒற்றி, முத்தம் கொடுத்து, பச்சைத் துணியில் சுற்றி, யாசீன் கிதாபோடு சேர்த்து உயரத்தில் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டிலும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஓதுவதற்காகக் கிதாபை எடுக்கப் போன மகள் ஷர்மின்தான் துணியைப் பிரித்தாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எம்மா, இது கிதாபு இல்லம்மா. ஜப்பான்காரக படக்கதை. அதுலயும் பயங்காட்டுற படக்கதை!"

சாபிரா எட்டிப் பார்த்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு பொம்பளை அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யா அல்லா, இதுக்கா முத்தங் குடுத்தேன்!" என்று வாய் கொப்பளிக்க ஓடினார்.

ஷர்மினுக்கு இந்த வகைக் கதைகள் மேல் பைத்தியம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்லூரித் தோழி ஜெபஷீலாவின் அண்ணன் கம்பம் கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். 'புராஜெக்ட்' என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து மங்கா என்கிற அந்த ஜப்பான் படக்கதைகளைப் படித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து பேய் குதித்தால் ஷர்மினுக்குக் கொட்டாவி வரும். ஒழுங்காக இருந்த மனுஷி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே நம்பாமல் போகும் கதை கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். ஏன் அப்படி ஆனாள், எந்தக் கட்டத்தில் ஆரம்பித்தது என்று துருவித் துருவிப் பார்ப்பாள். சரியான துப்புக்காரி.

கறுப்புப் புத்தகத்தை அன்று மதியமே முடித்துவிட்டாள். எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் பேசியது. ஒரு வீட்டில் ஐந்து பேர் சாப்பிட உட்காருகிறார்கள். மறுநாள் ஒருவர் இல்லை. மற்றவர்கள் எதுவும் நடக்காததுபோலச் சாப்பிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் காலி இடத்தைப் பார்க்கிறாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக மறைய மறைய அவள் முகத்திலிருந்தும் ஒவ்வொன்றாக மறைகிறது. கடைசிப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வெறும் முகம். அவளைச் சுற்றி நான்கு காலி இடம். ஷர்மினுக்குப் பயமாகவும் இருந்தது, அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்படி ஒன்று கம்பத்துக்கே வந்து கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். சலீம் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என் புத்தகம் எங்க?" என்று கேட்டான்.

ஊருக்கு வந்த நாளாக அவன் வாயிலிருந்து வந்த முழுசான கேள்வி அதுதான். போகும்போது தெருவையே சிரிக்க வைத்துவிட்டுப் போனவன். துபாயில் ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அறையில் ஐந்து பேர். அதில் சுருளியாண்டி நம்ம காமயகவுண்டன்பட்டி ஆள். ஒரு நாள் காலை வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து மற்ற நான்கு பேரும் போய்விட்டார்கள். சலீம் வேனில் இல்லை. ஏன் இல்லை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சுருளியாண்டியின் அம்மா வாராவாரம் ஆள் அனுப்பினார். "அந்தத் தம்பி ஒரு நடை வந்துட்டுப் போகட்டும். எம்புள்ள கடைசியா என்ன பேசுனான்னு மட்டும் சொல்லட்டும்." டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். சலீம் போகவில்லை. பெற்ற அத்தா முகைதீன் அதட்டிப் பார்த்தார், சாபிரா அழுது பார்த்தார், அவன் சுவரைப் பார்த்தான். கடைசியில் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வீடே கூனிக் குறுகியது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனவனின் பின்னாலேயே ஷர்மினும் போனாள். போகாமல் அவளால் இருக்க முடியுமா? கதவிடுக்கில் பார்த்தாள். அவன் புத்தகத்தை இடப்பக்கமிருந்து திறந்தான். அதாவது கடைசிப் பக்கத்திலிருந்து. வெறும் முகத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வந்து, ஐந்து பேரும் சாப்பிடும் படத்தில் முடித்தான். முடிக்கும்போது அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் ஜெபஷீலாவிடம் ஓடினாள். "அவுக தலைகீழா படிக்காகடி! அப்படிப் படிச்சா அது நல்லா முடியிற கதையா ஆயிருது. போனவுகெல்லாம் திரும்பி வந்துர்றாக."

"அதுக்கு உனக்கென்ன? தப்பாப் படிச்சு ஒருத்தர் நிம்மதியா இருந்தா இருந்துட்டுப் போறாரு."

"நிம்மதியா இருந்தா நல்லதுதான். ஆளு வெளியவே வர மாட்டேங்காகளே!"

இரண்டு மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு காலை டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதலையும் தட்டிப் பறிக்கிறோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணே, கோவிச்சுக்கிறாத. இதை வலப்பக்கமிருந்து படிக்கணும்."

சலீம் அவளைப் பார்த்தான். "ஏய், அஞ்சு வயசுலருந்து ஓதப்பள்ளிக்குப் போனவன் நான். எனக்குத் தெரியாதா? ஹோட்டல்ல யாரோ விட்டுட்டுப் போனது. கையில கெடைச்ச அன்னைக்கே ஒழுங்காத்தான் படிச்சேன். அப்ப நாலு பேரும் இருந்தாக. சும்மா பொழுதுபோக்கா இருந்துச்சு. அப்புறம்தான் இந்தப் பக்கமிருந்து படிக்க ஆரம்பிச்சேன்."

ஷர்மினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்பு என்று நினைத்தது தப்பே இல்லை. அவன் வேண்டுமென்றேதான் அப்படிப் படிக்கிறான்.

இதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் துப்புக்காரி சும்மா இருப்பாளா? அவளுக்கு அந்தக் கதையில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"இவளுக்கு மொதல்ல எது போச்சுன்னு பாத்தியாண்ணே? கண்ணு இல்ல, மூக்கு இல்ல. மொதல் ஆள் காணாமப் போன அன்னைக்கே வாய் போயிருச்சு. அவ யார்கிட்டயும் சொல்லல பாரு, அதுலருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிதுன்னு எனக்குத் தோணுது."

சலீம் புத்தகத்தை எடுத்தான். தன் பக்கமிருந்தே மெதுவாகப் புரட்டிக்கொண்டு வந்தான். கண் வந்தது, ஒருவர் வந்தார். மூக்கு வந்தது, இன்னொருவர் வந்தார். ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு வந்தபோது அவன் கை நின்றது. அங்கேதான் அவளுக்கு வாய் இருந்தது.

"எல்லாரும் திரும்பி வந்தப்புறம்தான் இவளுக்கு வாய் வருது," என்றான். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவுக யாரும் வர மாட்டாகல்ல, ஷர்மி?" என்று கேட்டான்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வர மாட்டாகண்ணே," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சலீம் டீயைக் கீழே வைத்தான். "அன்னைக்குக் காலையில சுருளியாண்டி என்கிட்ட வந்து..."

ஷர்மினின் காது நிமிர்ந்தது. அவன் ஏன் அந்த வேனில் ஏறவில்லை என்று இத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாமல் அரித்த விஷயம் இதோ வருகிறது. இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரு வாக்கியம். அவள் எட்டி அண்ணன் வாயைப் பொத்தினாள்.

"என்கிட்ட வேணாம். மொதல்ல அந்த ஆத்தா கேக்கட்டும்."

பத்து மணி டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். வழி நெடுகச் சலீம் முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. மடியிலிருந்த கீரையை அப்படியே கொட்டிவிட்டு எழுந்துவந்து சலீமின் கையைப் பிடித்தார்.

"வாய்யா. உள்ள வா. நீயும் வா தாயி."

"இல்ல ஆத்தா, நான் இங்கன இருக்கேன்," என்றாள் ஷர்மின்.

உள்ளே பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணனின் குரல், முதலில் தட்டுத்தடுமாறி. ஓரிரு வார்த்தை காதில் விழும்போலிருந்தது. ஷர்மின் எழுந்து திராட்சைப் பந்தலுக்குள் நடந்தாள். அங்கேயும் குரல் வந்தது. இன்னும் உள்ளே, மோட்டார் ஓடும் இடம் வரைக்கும் போய், தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் வாசல் மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை.